பெருமாள்மலை ஆர்டர்

மே 6, செவ்வாய்

ஆர்டர் கொடுத்த பொருள் கைக்கு வரும்வரை நடப்பதை அவ்வப்போது குறித்துவைப்பது என் பழக்கம். லாரி வாங்கியபோது செய்தேன், வீடு கட்டியபோது செய்தேன். பின்னால் ஒருவனும் 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று பேச்சை மாற்ற முடியாது. இந்தத் தடவை பொருள், கிட்டார்.

கோட்டாறில் மொத்தத் தேங்காய் வியாபாரம் செய்கிறவனுக்குக் கையால் செய்த கிட்டார் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் சபைப் பாடகர் குழுவில் மீசை முளைக்காத நாளிலிருந்து நான் கிட்டார் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் முதல் பாட்டை நான் ஒருவனாகக் கிட்டாரில் தொடங்குவேன். அப்புறம்தான் பிள்ளைகள் பாடுவார்கள். அந்த இடத்தை எனக்கு யாரும் தானமாகத் தரவில்லை. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாகத் தேங்காய் விற்ற காலத்திலேயே வாசித்துப் பிடித்த இடம்.

போன வருஷத்திலிருந்து என் கிட்டார் செத்துவிட்டது. தடித்த கம்பிகள் முனகுகின்றன, மெல்லிய கம்பிகள் இரண்டும் பேசவே இல்லை. கம்பி மாற்றினேன். வேறு கம்பெனிக் கம்பி போட்டேன். வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன். மரம் கிழடாகிவிட்டது, வேறு ஒன்றுமில்லை.

கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் தமயந்தி என்று ஒரு பெண் கையால் கிட்டார் செய்கிறாள் என்று கேள்விப்பட்டு இன்று போனேன். கோயம்புத்தூர்க்காரி. நாற்பது வயது இருக்கும். பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து, அதை உதறிவிட்டு வெளிநாட்டில் போய் இந்த வேலையைப் படித்து வந்திருக்கிறாள். பட்டறையில் மரப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தாள். என்னை வாசிக்கச் சொல்லி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டாரை வாங்கித் தானே கொஞ்ச நேரம் மீட்டினாள்.

"இதுல ஒரு குறையும் தெரியலீங்களே அண்ணா. மெல்லிய கம்பியெல்லாம் நல்லாத்தானுங்க பேசுது."

வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிறவள். அதனாலேயே அவள்மேல் நம்பிக்கை வந்தது. எனக்குப் புதிதுதான் வேண்டும், கண்ணாடி உடைகிற மாதிரி ஓசை வேண்டும் என்றேன். பின்பக்கத்துக்கு ஈட்டி மரம், முகத்துக்கு ஸ்ப்ரூஸ் என்று ஒரு வெளிநாட்டு மரம். ஐப்பசிக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் என்றால் நல்லது என்றேன். "மரம் உங்க சொல்லுக் கேக்காதுங்களே" என்று சிரித்தாள். எல்லாச் சப்ளையரும் முதலில் சொல்கிற பேச்சுத்தான் அது.

மே 24, சனி

கடையில் ஓயாத வேலை. உரித்த காய் வந்து குவிந்துகிடக்கிறது. கணக்குக்கு ஆள் உண்டு, சுமக்க ஆள் உண்டு. காய் தரம் பிரிப்பது மட்டும் இன்றைக்கும் நான்தான். இரண்டு காயை ஒன்றோடு ஒன்று தட்டினால் முற்றல் கணீர் என்னும். இளசு அடங்கிப் பேசும். அழுகல் பேசாது. என்னோடு தொடங்கினவர்கள் எல்லாரும் காயைக் கண்ணால் பார்த்தார்கள். நான் காதால் பார்த்தேன். அவர்கள் இன்னும் சில்லறைக் கடையில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் மழை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் மழை விட்ட பிறகு சில்வண்டுச் சத்தமே இல்லை. ரப்பர் தோட்டத்துக்காரன்கள் மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள். மனைவி ஹெப்சிபாவிடம் சொன்னேன். கையில் பிடித்த காப்பித் தம்ளரோடு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

பாட்டுப் பயிற்சி. இப்போது குழுவை நடத்துவது பென்னட். பேங்கில் வேலை, நல்ல பிள்ளை. ஆனால் தாடி வளர்த்ததிலிருந்து வாய்க்குள்ளேயே பேசுகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான், சொல்லை மென்று முழுங்குகிறார்கள். பாடுவதும் அப்படித்தான். முன்பெல்லாம் சிறுபிள்ளைகள் பாடினால் ஓடு பெயரும். இன்றைக்கு வாய் அசைகிறது, சத்தம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 'நல்லாச் சத்தமாப் பாடுங்க மக்களே' என்று சொன்னேன். எல்லாரும் பென்னட்டைப் பார்த்தார்கள்.

புதுக் கிட்டார் வரட்டும். இவர்களுக்கும் ஒரு சுறுசுறுப்பு வரும்.

ஜூன் 20, வெள்ளி

மலையில் மழையாம். ஈரக் காற்றில் தமயந்தி பசை வைக்க மாட்டாளாம். வேலை நிற்கிறது.

ஜூலை 3, வியாழன்

விருதுநகருக்குப் போன லோடு திரும்பி வந்துவிட்டது. பாதிக்கு மேல் அழுகலும் முளைவிட்டதும் என்று அங்கத்து வியாபாரி போனில் கத்தினான். இத்தனை வருஷத்தில் என் கடைக் காய் திரும்பி வந்ததில்லை.

கொட்டகையில் மேற்பார்வை பார்க்கிற மரியதாஸைக் கூப்பிட்டு, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். என் வயசுக்காரன், ஆரம்பத்திலிருந்து என்னோடு இருக்கிறான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டான்.

"அந்த லோடு நீங்க தட்டிப் பாத்தது அண்ணாச்சி."

"நான் பாத்தா அழுகல் போவுமாடே?"

"போவாது. அதனாலதான் நான் மறுபடி பாக்கல."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். மரத்தில் ஏதோ நோய் இருக்கிறது. காய் வெளியே நல்லாப் பேசி உள்ளே அழுகுகிறது. வேளாண்மைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

தமயந்தி போட்டோ அனுப்பியிருக்கிறாள். பக்கப் பலகையைச் சூட்டில் வளைத்து அச்சில் பூட்டியிருக்கிறாள். இடுப்பு ஒடுங்கிய பெண் மாதிரி அழகாக இருக்கிறது. அதைத்தான் நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஹெப்சிபாவையும் அழைத்துக்கொண்டு பெருமாள்மலை போனேன். முகப்பலகை தயார், ஓசை பார்க்க வரலாம் என்று தமயந்தி சொல்லியிருந்தாள்.

முகப்பலகை என்பது அப்பளம் மாதிரி மெல்லிசு. உள்பக்கம் மரக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்தக் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, தட்டித் தட்டி ஓசையைச் சரிபண்ண வேண்டும். மூடிவிட்டால் பிறகு கை வைக்க முடியாது. பலகையை விளிம்பில் பிடித்துத் தூக்கிக் காதருகே வைத்துத் தட்டினாள். எனக்கும் தட்டிக் காட்டினாள்.

"மணி மாதிரில்லா இருக்கு" என்றாள் ஹெப்சிபா.

"மந்தமா இருக்கு" என்றேன். "இன்னும் சீவணும்."

"இல்லீங்கண்ணா. இதுக்கு மேல சீவுனா கம்பி இழுக்கறப்ப முகம் உள்ள எறங்கிப்போயிருமுங்க."

"நீ வாசிக்கப் போறியா, நான் வாசிக்கப் போறனா? நாப்பது வருஷமா நான் தட்டித்தான் பொழைக்கேன் பாப்பா. பலகைக்குள்ள சத்தம் மாட்டிக்கிட்டு நிக்கி. சீவு."

"ஏங்க, அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?" என்றாள் ஹெப்சிபா.

"நீ சும்மா இரு."

தமயந்தி பலகையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள். நல்ல மென்மையான கை. சீவுகிற சத்தம்கூட இல்லை. நிதானமாக வேலையை முடித்துக் கொண்டுவந்து மறுபடி தட்டினாள்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. "இப்பப் பாத்தியா? இதைத்தான் நான் சொன்னேன்" என்றேன். "சரிங்கண்ணா" என்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. வேலைக்காரர்களுக்கு வாடிக்கைக்காரன் சொன்னது சரியாகிவிட்டால் பிடிக்காது, இது எல்லாத் தொழிலிலும் உள்ளது. போகும்போது மேசையடியில் பார்த்தேன். தரையில் ஒரு துருவல் கிடையாது. சுத்தமான வேலைக்காரி.

நான் ஈட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெண்கள் இரண்டு பேரும் பேரிக்காய் மரம் பார்க்கிறோம் என்று வெளியே போனார்கள். வர வெகுநேரமாயிற்று. திரும்பி வந்தபோது ஹெப்சிபா முகம் கழுவியிருந்தாள். மலைக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பல் டாக்டரிடம் போகத் துணைக்கு வாங்க என்று ஹெப்சிபா கூப்பிட்டாள். போனால் அது காது டாக்டர். ரோட்டில் வைத்துச் சண்டை போட முடியாது. உள்ளே போனேன்.

கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, கையில் பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்க வேண்டுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தது. அது சத்தம் அனுப்பும்போது தோள் லேசாக அசைகிறது. சந்தையில் எதிரில் நிற்கிறவன் கண்ணைப் பார்த்து விலை சொல்கிறவன் நான். தோளைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டது.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். கோடு நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, பாதியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. மேல் சத்தங்கள் போய்விட்டன என்றார். சின்னப் பிள்ளைகள் குரல், பறவை, வண்டு, இப்படி. போனது திரும்பாது, மெஷின் வைக்கலாம் என்றார். வாசலிலேயே மெஷின் விற்கிற கவுண்டர் இருக்கிறது. அங்கே போனவனுக்குக் காது நல்லா இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் அப்புறம் கடையை எப்படி நடத்துவான்?

வருகிற வழியில் ஹெப்சிபாவிடம் கேட்டேன், "எத்தன நாளா உனக்கு இந்த எண்ணம்?"

"வீட்டுல டிவி ஓடுதது தெருமுக்கு வரைக்கும் கேக்குது. குக்கர் விசில் அடிச்சா நான்தான் ஓடுகேன். எத்தன நாளான்னு நான் எதைச் சொல்ல?"

"கிட்டார் வரட்டும். அப்பத் தெரியும், காதா மரமான்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையிலிருந்து ஹெப்சிபா பேசவில்லை. கேட்டால், பேசினேன் என்கிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

தமயந்தி பெட்டியை மூடிவிட்டாள். கழுத்தும் பூட்டியாயிற்று. இனி துணியால் அரக்கு தேய்த்து மெருகேற்ற வேண்டியதுதான், சொன்னதற்கு முன்னாலேயே முடித்துத் தந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன். அவசரப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஓசைத் துளையைச் சுற்றிச் சங்குப் பட்டை பதித்தால் எடுப்பாக இருக்கும் என்று எழுதினேன். பழைய வேலையைப் பெயர்த்துவிட்டுத்தான் பதிக்க வேண்டும், நாளாகுமே என்று கேட்டாள். ஆகட்டும் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

சங்குப் பட்டை பதித்துப் போட்டோ வந்துவிட்டது. இந்தப் பெண் தூங்குவதே இல்லையா?

கம்பி முறுக்குகிற சாவிகள் தங்க நிறத்தில் இருக்கின்றன. எனக்குக் கறுப்புத்தான் பிடிக்கும் என்று எழுதினேன். வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டுமாம். நல்லது, வரட்டும்.

பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெப்சிபா முன்னால் வந்து சத்தமாகக் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் என் முன்னால் வந்து நின்று, முகம் பார்த்து, சத்தமாகத்தான் பேசுகிறாள். சண்டைக்காரி மாதிரி இருக்கிறது.

"கொத்தனாரை வெரட்டி வெரட்டி மழையில தளம் போட வச்ச மனுசன் நீங்க. இப்ப என்ன, சாவிக்கு நெறம் பாக்கியளா?"

"நல்ல பொருளுக்குப் பொறுமை வேணும்."

"கிட்டார் வரக்கூடாதுன்னு ஜெவம் பண்ணுதவரு மாதிரில்லா இருக்கு."

அவளுக்கு வியாபாரம் தெரியாது. மழைக்காலத்தில் புது மரத்தை மலையிலிருந்து இறக்கினால் உப்புக் காற்றுக்கு வெடித்துவிடும். கார்த்திகை கழியட்டும் என்று தமயந்திக்கு எழுதிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நடந்ததை எழுதுவதற்குத்தான் இது.

பாட்டுப் பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். சபைக் கோவிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஒலிபெருக்கி மிக்ஸர் மேலே போட்டிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினேன். அது நான் என் பங்காகச் சபைக்கு வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் ஒரு பிடி உண்டு. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். என் கிட்டாருக்கு உள்ள பிடியை அடிமட்டத்தில் இறக்கி, நகராமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. நேற்று ஒட்டினது இல்லை.

பென்னட் வந்தான். டேப்பைக் காட்டினேன். கையிலிருந்த பாட்டுத் தாள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"எப்பலேந்து?"

"ஈஸ்டர் கழிஞ்சதுலேந்து அண்ணாச்சி."

"ஏன்?"

"நீங்க ரொம்ப அடிச்சு வாசிக்கிய. பிள்ளைய சத்தம் மேல எழும்ப மாட்டேங்கு. அதுங்க பாடுதது உங்களுக்குக் கேக்கலன்னு நெனைக்கேன், ஒரு அடி பின்னாலயே வாறிய. ரெண்டு பிள்ளைய அழுதுட்டு வீட்டுக்குப் போச்சு."

"எங்கிட்டச் சொன்னா என்னலே?"

"யாரு சொல்லுதது? மிக்ஸர் நீங்க வாங்கித் தந்தது."

நல்ல பதில்தான். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்படியானால் ஈஸ்டரிலிருந்து ஞாயிறு தவறாமல் நான் எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தனை பேர் முன்னாலே நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் வாசித்திருக்கிறேன். பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பென்னட்டிடம் கேட்கவில்லை. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். ஹெப்சிபா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையாம், யாரும் கேட்கவும் இல்லையாம்.

நவம்பர் 5, புதன்

தமயந்தியிடமிருந்து நீளமான செய்தி. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

'அண்ணா, கறுப்புச் சாவி வந்து மாட்டிவிட்டேன். கம்பி போட்டாயிற்று. உங்கள் கிட்டார் முடிந்துவிட்டது. கொடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலையில் நீங்கள் சீவச் சொன்னபோது நான் சீவவில்லை. உளியைப் பலகைமேல் வைக்கவே இல்லை. குனிந்து நின்றுவிட்டு அதே பலகையைத்தான் கொண்டுவந்து தட்டினேன். கெடுத்துவிட மனசு வரவில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஹெப்சிபா அக்காவிடம் அன்றைக்கே சொன்னேன். உங்களிடம் சொல்லாமல் இருந்தது தப்பு. இந்தக் கிட்டாரை வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் வருத்தப்பட மாட்டேன். எடுத்துக்கொள்ள வேறு ஆள் காத்திருக்கிறார்கள். முன்பணம் திரும்பி வந்துவிடும்.'

முதலில் கோபம் வந்தது. ஒரு பெண்பிள்ளை என்னை ஏமாற்றிவிட்டாள், அதுவும் சரக்கு விஷயத்தில். பிறகு அந்த மேசையடித் தரை ஞாபகம் வந்தது. ஒரு துருவல் இல்லாத தரை. சிறு பையன் பார்த்தாலும் புரிந்துகொண்டிருப்பான். நான் சுத்தமான வேலைக்காரி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

கடைக்குப் போய் மரியதாஸைக் கூப்பிட்டேன். இனிமேல் காயை நீயே தட்டிப் பிரி என்றேன். சரி அண்ணாச்சி என்றான். எதற்கு என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காது மெஷின் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு வாரமாகிறது. ஆட்கள் பேசுவது புரிகிறது. பென்னட் தாடிக்குள் பேசுவதும் புரிகிறது. ஆனால் பேப்பர் மடிக்கிற சத்தம் காதில் கத்தி வைக்கிறது. தட்டு விழுந்தால் உயிர் போகிறது. பழைய கிட்டாரை எடுத்து மீட்டிப் பார்த்தேன். தகர டப்பாவில் ஆணி போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, பேச்சுக்குத்தான் இது, பாட்டுக்குச் சரியாக வராது, பழகப் பழகக் கொஞ்சம் பரவாயில்லை என்றார்.

பென்னட் வீட்டுக்கு வந்தான். டேப்பைப் பெயர்த்துவிட்டேன் அண்ணாச்சி, கிறிஸ்துமஸ்க்கு நீங்கதான் தொடங்கணும் என்றான். கூப்பிட வந்தவன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே பேசினான். நான் ஒத்துக்கொண்டுவிடுவேனோ என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். வேண்டாத சரக்கை மரியாதைக்கு விலை கேட்கிறவன் முகம் அது.

"கீபோர்டு வச்சுத் தொடங்குடே" என்றேன்.

"அண்ணாச்சி..."

"போடே. பிள்ளைய பாடட்டும்."

அவன் போன பிறகு ஹெப்சிபா காப்பி கொண்டுவந்தாள். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. மெஷின் போட்டிருந்ததால் அது எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 13, சனி

பெருமாள்மலைக்குத் தனியாகப் போனேன். ஹெப்சிபா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

போகும் வழியெல்லாம் யோசித்தேன். எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கிறது. வாசிக்க முடியாத பொருளை வீட்டில் வைத்துக்கொள்வது வியாபாரப் புத்தி இல்லை. விட்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் உள்ளே நுழைந்தேன்.

பச்சைப் பட்டு விரித்த பெட்டிக்குள் வைத்திருந்தாள். போட்டோவில் பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முகம் தேங்காய்ப் பாலில் மஞ்சள் கலந்த நிறம். மடியில் வைத்தால் பிள்ளை மாதிரி அடங்கி உட்கார்ந்தது. கழுத்து என் கைக்கென்றே செதுக்கியது, கட்டைவிரல் தானாகப் போய் இடத்தில் நின்றது. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

தடித்த கம்பியைத் தட்டினேன். நெஞ்சு எலும்பு வரைக்கும் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. அவ்வளவும் வந்தது. பிறகு மெல்லிய கம்பிகளுக்குப் போனேன். கம்பி துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விரல் நுனியில் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. பழைய கிட்டாரில் என்ன இருந்ததோ அதேதான். ஒரு வருஷமாக நான் எதைத் தள்ளித் தள்ளி வைத்தேனோ அது முடிந்தது.

தமயந்தி மணையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை மாசம் வேலை செய்தவள். யாருக்குச் செய்தாளோ அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள். மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியல பாப்பா."

"தெரியுமுங்கண்ணா. நான் கேட்டனுங்க. நல்லாருக்குது. நான் செஞ்சதுலயே இதுதானுங்க நல்லாருக்குது."

பெட்டியின் பட்டுத் துணியை நீவிவிட்டபடி அவளே சொன்னாள். "பெங்களூர்ல ஒருத்தருங்க. நேத்துக்கூடக் கேட்டாரு. நீங்க சங்கடப்பட வேண்டாம்."

அந்தப் பெங்களூர்க்காரன் இதை மடியில் வைத்து, அந்த மெல்லிய கம்பியைத் தட்டி, அதைக் கேட்பான் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை, அதுதான் காரணம்.

டிசம்பர் 25, வியாழன்

அதிகாலை ஆராதனை. பாடகர் குழுவோடு நிற்காமல் ஹெப்சிபா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். விளக்கு அணைத்தார்கள். கீபோர்டு தொடங்கியது. பிள்ளைகள் பாடினார்கள். மெஷினில் கேட்டதால் எல்லாம் தகரமாக இருந்தது, ஆனால் ஒருவரையொருவர் முந்தாமல், ஒரே சீராகப் போனார்கள். அது நல்லாத் தெரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு மூன்று பேர் உடம்புக்கு என்ன அண்ணாச்சி என்று கேட்டார்கள். காது போச்சு என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் ஹேப்பி கிறிஸ்துமஸ் என்று கை கொடுத்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு ஹெப்சிபா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். வந்த நாளிலிருந்து அதை நான் திறக்கவில்லை.

"வாசிங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வீட்டுல வேற யாரு இருக்கா?"

மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு மடியில் எடுத்தேன். காலையில் பிள்ளைகள் பாடிய பாட்டையே தொடங்கினேன். அவள் உடனே முகத்தைச் சுளித்து, கையைத் தாழ்த்திக் காட்டினாள். பைய, பைய. குறைத்தேன். இன்னும் பைய என்று காட்டினாள். இன்னும் குறைத்தேன். மெல்லிய கம்பிகள் எப்போதோ போய்விட்டன, இப்போது நடுக் கம்பிகளும் போயின. அவள் கை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தடித்த கம்பி மட்டும் தூரத்தில் லாரி போகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

அங்கே அவள் கை நின்றது. அவ்வளவுதான் என்று தலையாட்டினாள்.

எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெப்சிபா கட்டில் காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்கேயாவது தப்பினால் அவள் முகத்தில் தெரியும் என்று, பாட்டு முடிகிறவரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.